பாலம் ஏறிய வண்டி

அப்பா இறப்பதற்கு முந்தின வருடம்தான் எங்கள் பழைய மோட்டார் சைக்கிள் மூன்று பேரையும் சுமந்துகொண்டு தோப்பும்படிப் பாலத்தை ஏறத் தொடங்கியது. அதற்கு முன்பு அது ஏறியதே இல்லை.

பாலம் ஒன்றும் மலை அல்ல. மட்டாஞ்சேரிப் பக்கமிருந்து வெலிங்டன் தீவுக்குப் போகிற பழைய பாலம். நடுவில் கொஞ்சம் முதுகைத் தூக்கியிருக்கும், அவ்வளவுதான். பஸ்ஸும் லாரியும் அப்படி ஒரு ஏற்றம் இருப்பதாகவே காட்டிக்கொள்ளாது. ஆனால் எங்கள் வண்டி அப்பாவிடம் வருவதற்குள் பல கை மாறியிருந்தது. அப்பாவும் சாதாரண உடம்புக்காரர் இல்லை. பஜார் ரோட்டில் ஒரு மிளகுக் கிடங்கில் எடை போடும் வேலை அவருக்கு. அங்கே மூட்டை தூக்குகிறவர்கள் அவரை ஆனச்சேட்டன், யானையண்ணன், என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் ஏறி உட்கார்ந்தால் வண்டியின் பின்பக்கம் ஒரு பெருமூச்சு விட்டுக் கீழே இறங்கும். அவருக்குப் பின்னால் அம்மா. முன்னால் பெட்ரோல் டாங்கின் மேல் நான். எனக்கு அப்போது ஒன்பது வயது.

ஞாயிற்றுக்கிழமைகளில் இடப்பள்ளியில் மாமா வீட்டுக்குப் போவோம். பாலத்தில் கொஞ்ச தூரம் ஏறியதும் வண்டி இருமத் தொடங்கும். அப்பா கியரைக் குறைப்பார். மறுபடியும் குறைப்பார். பிறகு ஓரமாக நிறுத்தி, எங்கள் முகத்தைப் பார்க்காமலேயே, "இறங்கிக்கோங்க" என்பார். அம்மாவும் நானும் இறங்கி நடப்போம். அப்பா தனியாக ஏறிப்போய் அந்தப் பக்கம் காத்திருப்பார். பஸ் ஜன்னல்களிலிருந்து ஆட்கள் எங்களைப் பார்ப்பார்கள். அம்மா முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொண்டு, பாலத்தில் காற்று வாங்கத்தான் வந்தவள்போலக் காயலைப் பார்த்துக்கொண்டே நடப்பாள். அவளுக்கு அது பெரிய வெட்கம். எனக்கு அந்த நடை பிடிக்கும் என்பதை அவளிடம் சொன்னதில்லை.

இதையெல்லாம் இப்போது எழுத வந்ததற்குக் காரணம் என் மகன். அவன் கைபேசியில் ஏதேதோ காட்டுகிறான். கூம்பு மாதிரி ஒரு ஏர்ஃபில்டர், பளபளப்பான ஒரு குழாய். காற்று இழுக்கும் இடத்தில் இதை மாட்டினால் வண்டி பறக்கும் என்கிறான். நான் துணிக்கடையில் வேலை செய்கிறவள். எஞ்சினைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? "வேண்டாம்டா" என்று மட்டும் சொல்கிறேன். ஏன் என்று கேட்டால் கைபேசியை வாங்கிக் கவிழ்த்து வைக்கிறேன்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. ஒரு உதிரிபாகக் கடையில் நின்றுகொண்டிருந்தார். நின்றுகொண்டிருந்தார் என்றுதான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் மனம் எப்போதும் வேறு எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். வருடத்துக்கு ஒரு சாமானுக்கு ஏஜென்ட் ஆவார். சத்தத்தால் கொசுவை விரட்டும் பெட்டி ஒரு வருடம். காந்தத்தால் தண்ணீரைச் சுத்தமாக்கும் குழாய் இன்னொரு வருடம். வாங்கியவர்கள் கோபமாகத் தேடி வருவதற்குள் அவர் அடுத்த சாமானுக்குப் போயிருப்பார். ஆனால் மாமா ஏமாற்றுக்காரர் இல்லை. அவர் விற்ற ஒவ்வொன்றையும் உலகத்தில் முதலில் நம்பியவர் அவர்தான்.

அந்த வருடம் ஓணம் முடிந்த கையோடு ஒரு வளையத்தைக் கொண்டுவந்தார். அலுமினியத்தில் செய்தது. உள்ளே மின்விசிறி மாதிரி வளைந்த இதழ்கள், ஆனால் சுற்றாது. ஏர்ஃபில்டரிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய்க்குள் அதைச் செருக வேண்டும்.

"உள்ள போற காத்து இதுல பட்டு அப்படியே சுழிச்சுக்கிட்டுப் போவும் அத்தான்" என்றார் மாமா. "பெட்ரோலோட நல்லாக் கலந்து ஒரு சொட்டு மிச்சமில்லாம எரியும். வண்டி எப்படி இழுக்கும்னு பாருங்க. நம்ம பாலம்லாம் இதுக்கு ஒரு விஷயமே இல்ல."

அப்பா வளையத்தை வாங்கி உள்ளங்கையில் வைத்து லேசாக மேலும் கீழும் ஆட்டினார். எந்தச் சாமானைக் கொடுத்தாலும் அவர் கை அப்படித்தான் செய்யும்.

"சுழிச்சுக்கிட்டுப் போனா காத்துக்கு எடை கூடுமா மாப்ளே?"

"காத்துக்கு என்ன அத்தான் எடை?"

"கூடுதலாக் காத்து போனாத்தானே கூடுதலா எரியும். போற வழியில இத்தனை தடுப்பை வெச்சா எப்படிக் கூடுதலாப் போவும்? நீ மூக்குல விரலை விட்டுக்கிட்டு மூச்சு இழுத்துப் பாரு."

மாமா உண்மையாகவே மூக்கில் விரலை வைத்து இழுத்துப் பார்த்தார். நான் சிரித்துவிட்டேன். மாமாவும் சிரித்தார். "அத்தானுக்கு எதுவா இருந்தாலும் தராசுல வெச்சுக் காட்டணும்" என்றார். "நான் தோத்தா இனிமே ஏஜென்சியே எடுக்கல. ஆனா வண்டி பாலம் ஏறிச்சுன்னா, நீங்க உங்க வாயால நாலு பேருட்ட சொல்லணும். நீங்க சொன்னா இந்தப் பஜார்ல நம்பாத ஆளு கிடையாது."

அது நிஜம். அப்பா மூட்டையை ஏற்றி முள்ளைப் பார்த்து ஓர் எடையைக் கூவினால், வாங்குகிறவனும் விற்கிறவனும் மறுவார்த்தை பேச மாட்டார்கள். மாமாவுக்கு வேண்டியிருந்தது அந்த வாய்தான்.

அம்மா அடுக்களை வாசலில் நின்று, "அவன் ஆசையாக் கொண்டாந்திருக்கான், மாட்டித்தான் பாருங்களேன்" என்றாள். பாலத்தில் இறங்கி நடப்பவள் அவள் அல்லவா? அப்பா மறுக்கவில்லை.

ஓணத்துக்கு முந்தின மழைக்காலம் முழுவதும் வண்டி சாக்குப் போர்த்திக்கொண்டு வீட்டோரம் நின்றிருந்தது. கிடங்கு நடக்கிற தூரம்தான் என்பதால் அப்பா அதை வேலைக்கு எடுப்பதில்லை. அதனால் பல மாதங்களுக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக அதில் ஏறியது வளையம் மாட்டிய அந்த ஞாயிற்றுக்கிழமைதான். மாமா தன் ஸ்கூட்டரில் முன்னால் போய் பாலத்தின் உச்சியில் நின்றுகொண்டார்.

வண்டி ஏறியது. கொஞ்சம் முனகியது, ஆனால் நிற்கவில்லை. அம்மா பின்னாலிருந்து, "இறங்கணுமா? இறங்கணுமா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள். உச்சியில் மாமா கைக்குட்டையைச் சுழற்றி, வழியே போகிற லாரிக்காரர்களுக்கெல்லாம் எங்களைக் காட்டி, "கண்டோ சேட்டா! கண்டோ!" என்று கத்தினார். நாங்கள் அவரைக் கடந்து மறுபக்கம் சரிந்தபோது அம்மா அப்பாவைத் தாண்டிக் கையை நீட்டி என் தோளைப் பிடித்து அழுத்தினாள். அவள் சிரிக்கிறாள் என்பது திரும்பிப் பார்க்காமலேயே எனக்குத் தெரிந்தது.

தீவில் ஒரு மரத்தடியில் அப்பா வண்டியை நிறுத்தினார். இறங்கி, காய்ச்சல் பார்ப்பதுபோல எஞ்சினின் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் வைத்துக்கொண்டு நின்றார். மாமா வந்து அவரைக் கட்டிப்பிடித்தார். "என்ன அத்தான், இப்போ காத்துக்கு எடை உண்டா இல்லியா?"

"இருக்கும்போலத்தான் இருக்கு" என்றார் அப்பா.

அடுத்த ஞாயிறு காலையில் அம்மா குளிக்கப் போயிருந்தபோது, அப்பா முற்றத்தில் உட்கார்ந்து திருப்புளியால் அந்த ரப்பர் குழாயைக் கழற்றினார். வளையத்தை வெளியே எடுத்துத் துணியில் சுற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். குழாயை முன்பிருந்தபடியே மாட்டினார். நான் பக்கத்தில் குந்தியிருந்தேன்.

"ஏம்ப்பா?"

"சாக்கைத் தராசுல ஏத்துனா மட்டும் போதாது மோளே" என்றார். அப்பா எங்களோடு தமிழ்தான் பேசுவார், என்னைக் கூப்பிடுவதற்கு மட்டும் ஊர்வார்த்தை. "சாக்கை இறக்கிட்டு, முள்ளு பழைய இடத்துக்கே வருதான்னும் பாக்கணும். வந்தாத்தான் போட்ட எடை சரி. இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கட்டும்."

எனக்குப் பெருமையாக இருந்தது. வளையம் இல்லாமல் வண்டி திணறும், நாங்கள் இறங்கி நடப்போம், மாமாவின் சாமான் நல்லது என்று அப்பாவே ஒப்புக்கொள்வார் என்று நினைத்தேன். வண்டி பாலத்தை நெருங்கும்போது டாங்கின் மேல் நான் இறங்குவதற்குத் தயாராகக் காலைத் தொங்கவிட்டுக்கொண்டேன்.

வண்டி போன வாரம் போலவே ஏறியது. அதே முனகல், அதே வேகம்.

"தம்பி குடுத்தது நல்ல சாமான்தான்" என்றாள் அம்மா பின்னாலிருந்து.

என் இரண்டு பக்கமும் கைப்பிடியைப் பிடித்திருந்த அப்பாவின் கைகளை நான் பார்த்தேன். அவை அசையவே இல்லை. மறுபக்கம் இறங்கி அதே மரத்தடியில் நிறுத்தினார். அம்மா என்ன என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல. வண்டி நல்லாப் போவுது" என்றார். இறங்கி நின்று, பெல்ட்டைப் பிடித்து இடுப்புக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். மழை நின்ற பிறகு அப்பா அடிக்கடி செய்கிற காரியம் அது. கொஞ்ச நேரம் துறைமுகத்தின் கிரேன்களைப் பார்த்தபடி நின்றார். முள் பழைய இடத்துக்கு வரவில்லை என்பதை அவர் அங்கே நின்றுதான் படித்திருக்க வேண்டும்.

அதன் பிறகு அப்பா வளையத்தை மறுபடி மாட்டவில்லை. ஆனால் மாமாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார். சாயாக்கடையில் சொன்னார். மூட்டை தூக்குகிறவர்களிடம் சொன்னார். எதிர்வீட்டுத் தையல்காரரிடம் தானே வலியப் போய்ச் சொன்னார். "என் வண்டி இப்போ மூணு ஆளை வெச்சுக்கிட்டுப் பாலம் ஏறுது. மச்சினன் குடுத்த சாமான்." அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமாவை எல்லார் முன்னாலும் தோற்கடிக்க மனமில்லாமல் சொல்கிறார் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். எவ்வளவு நல்ல அப்பா என்றுகூட நினைத்தேன்.

வீட்டில் அம்மாவுக்கும் அந்த மாதங்கள் சந்தோஷமானவை. அப்பாவின் தொப்பையைக் குறைப்பதற்காக அவள் வெகுநாளாகப் போராடிக்கொண்டிருந்தாள். குழம்பில் தேங்காயைக் குறைத்தாள். ராத்திரிச் சோற்றை நிறுத்திக் கோதுமைக் கஞ்சி கொடுத்தாள். அதுவும் அப்பா பாதியில் போதும் என்று எழுந்துவிடுவார். அவருடைய சட்டைகளைத் தையல்காரரிடம் கொண்டுபோய் பக்கவாட்டில் பிடித்துத் தைக்கச் சொல்லும்போது, "எல்லாம் என் கஞ்சிதான்" என்று தையல்காரரின் மனைவியிடம் சொல்லிச் சிரித்தாள். மாமா வளையத்தால் ஜெயித்திருந்தார், அம்மா கஞ்சியால் ஜெயித்திருந்தாள். அப்பா இரண்டு பேருக்கும் ஆமாம் போட்டுக்கொண்டு மெலிந்துகொண்டே போனார்.

ஆயுதபூஜை வந்தது. கிடங்கில் அன்றைக்கு வியாபாரம் கிடையாது. எடைமேடையைக் கழுவிச் சந்தனம் வைத்து மாலை போடுவார்கள். பூஜை முடிந்து அவலும் பொரியும் தின்ற பிறகு, வேலைக்காரர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஒவ்வொருவராக மேடையில் ஏறுவது அங்கே ஒரு விளையாட்டு. அப்பா மிளகு மூட்டைக்குக் கூவுவதுபோலவே எங்கள் எடையை ராகம் போட்டுக் கூவுவார். கடைசியில் அப்பாவே ஏறுவார். அப்போது மூட்டைக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து கத்துவார்கள். ஒன்றரைச் சாக்கு மிளகு, அதில் அரைச் சாக்கு தொப்பை என்பார்கள். முதலாளிகூட நாற்காலியை விட்டு எழுந்துவந்து பார்ப்பார். எங்களுக்கு அந்த நாளின் உச்சமே அதுதான்.

அந்த வருடம் எல்லோரும் ஏறி முடிந்ததும் அப்பா மேடையைப் பூட்டுவதற்குப் பூட்டை எடுத்தார்.

"எந்தா ஆனச்சேட்டா, தராசைக் கண்டு பேடியோ?" என்று ஒருவன் கத்தினான். பயமா என்று கேட்கிறான்.

"தராசுக்குத்தான் என்னைக் கண்டு பயம். அதுக்கு வயசாயிருச்சு, விட்டுரு."

"ஒரு தவண சேட்டா! ஒரு தவண!" ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினான்.

அப்பா சிரித்துக்கொண்டே என்னைத் தூக்கி மறுபடியும் மேடையில் நிறுத்தி, என் எடையை இன்னும் சத்தமாக, இன்னும் நீளமாகக் கூவினார். எல்லோரும் கைதட்டினார்கள். என்னை இறக்கிவிட்டு மேடையைப் பூட்டினார். என்னைத் தூக்கியதில் அவருக்கு மூச்சு வாங்கியது. எனக்கு வருத்தம்தான். போன வருடத்தைவிட அப்பா குறைந்திருப்பார், அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

தீபாவளி நெருங்கிய ஒரு சனிக்கிழமை மத்தியானம் மாமா வந்தார். அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அப்பா கிடங்கில். மாமா எப்போதும் சந்து முனையிலேயே பேச்சைத் தொடங்கிவிடுவார். அன்று பேசாமல் வந்து வண்டியின் மேலிருந்த சாக்கை இழுத்துக் கீழே போட்டார்.

"என்ன மாமா?"

"வாங்குன ஆளு பூரா கடைக்கு வந்து நிக்கான் பாப்பா. ஒருத்தன் வண்டி இழுக்கவே இல்லேங்கான். ஒருத்தன் வண்டி முன்னைவிடப் பெட்ரோல் குடிக்கிதாம். ஆனச்சேட்டன் சொன்னாருன்னு வாங்குனோம்னு எல்லாரும் உங்கப்பா பேரைச் சொல்லுதான்." குந்தி உட்கார்ந்து திருப்புளியை எடுத்தார். "அத்தான் வண்டில மட்டும் எப்படி வேலை செய்யுது? இதுல நான் செருகுன விதத்துல என்னமோ இருக்கு. அதைப் பாத்துட்டா எல்லாத்தையும் சரிபண்ணிரலாம்."

குழாயைக் கழற்றினார். உள்ளே பார்த்தார். விரலை விட்டுத் துழாவினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"இதுக்குள்ள இருந்தது எங்க?"

நமக்குள் இருக்கட்டும் என்று அப்பா சொல்லியிருந்தார். ஆனால் மாமாவே திறந்து பார்த்துவிட்டாரே, இனி என்ன என்று தோன்றியது.

"அப்பா கழட்டிட்டாங்க."

"எப்போ?"

"மாட்டுனதுக்கு அடுத்த வாரமே."

"அப்போ பாலம்?"

"ஏறுது மாமா! ஒரு வாரம்கூட நாங்க இறங்கல. மூணு பேரும் இருக்கோம், சும்மா ஏறுது." நான் நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தேன்.

வெறும் குழாய் மாமாவின் கையில் இருந்தது. அப்போது அப்பா சாப்பிடுவதற்காகச் சந்துக்குள் வந்துகொண்டிருந்தார். வாராவாரம் பார்க்கிற மனிதரைத்தான் மாமா பார்த்தார். ஆனால் எங்கேயோ பார்த்த முகம், பெயர் நினைவுக்கு வரவில்லை என்பதுபோல அவர் கண்கள் அப்பாவின் மேலும் கீழும் போய்வந்தன.

"என்ன மாப்ளே, வண்டியைப் பிரிச்சுப் போட்டிருக்க?"

மாமா எழுந்தார். "எப்போலேருந்து அத்தான்?"

அப்பா கழற்றிய குழாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார்.

"மழைக்கு முன்னாடியே. சோறு இறங்கல. வயித்துல ஒரு வலி."

"நாள் பூரா தராசு பக்கத்துலதான நிக்கீங்க? ஒரு தடவை ஏறிப் பாத்திருக்கக் கூடாதா?"

"ஏறுனாத் தெரிஞ்சிருமே மாப்ளே."

மாமாவுக்கு வாய் கோணியது. பிறகு வண்டியின் சீட்டில் நெற்றியை வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். அப்பா மெதுவாக, "திங்கக்கிழமை வேணா ஆஸ்பத்திரிக்குப் போவோம், நீயும் வா. அக்காட்ட இப்பச் சொல்லாத. கஞ்சி குடுத்து என்னை இளைக்க வெச்சதா ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுக் கிடக்கா" என்றார்.

எனக்கு மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கொசுப்பெட்டி போயிற்று, காந்தக் குழாய் போயிற்று, இப்போது இதுவும் வெறும் சாமான் என்று வெளிப்பட்டுவிட்டது. பஜார் முழுக்கச் சிரிக்கும். கிட்டே போய் அவர் முதுகில் கை வைத்தேன்.

"அழாதீங்க மாமா. அடுத்த வாட்டி நல்ல சாமானாக் கிடைக்கும்."

மாமா என்னைப் பிடித்து இழுத்து அணைத்துக்கொண்டு முன்னைவிடப் பலமாக அழுதார். அவர் தோளுக்கு மேலே அப்பாவைப் பார்த்தேன். அவர் எங்களைப் பார்க்கவில்லை. ஓர் அலுமினிய வளையம் வேலை செய்யாமல் போனதற்காக ஒரு பெரிய மனிதர் இவ்வளவு அழுவாரா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.